தேதியும் தொகையும் உள்ள அன்பு

வேலூர்ப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளின் முன்னறைச் சுவரில் ஒரு வசனம் தொங்கும். பெரும்பாலும் சங்கீதம் 23, இல்லாவிட்டால் 1 கொரிந்தியர் 13. லேவியராகமம் 19-ஐ யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. ஆனால் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்று இயேசு எடுத்துச் சொன்ன கட்டளை முதலில் எழுதப்பட்டிருப்பது அங்கேதான், 18-ஆம் வசனத்தில். அதை மட்டும் பிய்த்தெடுக்காமல் அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். அன்பைச் சுற்றி என்னென்ன நிற்கிறது என்று தெரியும். வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவைப்பது (9, 10), கூலிக்காரனின் கூலியை விடியும்வரை கையில் வைத்துக்கொள்ளாதது (13), குருடனுக்கு முன் தடுக்கல் வைக்காதது (14), கோள் சொல்லித் திரியாதது (16), நரைத்தவருக்கு முன் எழுந்து நிற்பது (32), நம்மிடத்தில் தங்குகிற அந்நியனைச் சுதேசியைப்போல் எண்ணுவது (34), தராசும் படியும் சரியாக வைத்திருப்பது (36).

எல்லாம் கையால் செய்கிற காரியங்கள். ஓர் அளவோ, ஒரு கெடுவோ, ஓர் ஆளோ ஒவ்வொன்றிலும் உண்டு. சபையில் அன்பு தணிந்துபோயிற்று என்று வருத்தப்படுகிறோம். மனம் எல்லாரிடமும் இருக்கிறது. எப்போது, எவ்வளவு, யார் போவது என்பதுதான் முடிவாகாமலே கிடக்கிறது. "ஜெபத்துல வெச்சுக்கறோம்" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம்.

அந்நியனைப் பற்றிய 34-ஆம் வசனத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நம் ஊர் அந்த வசனத்தின் மேல் கட்டியதுபோல் இருக்கிறது. காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று கையில் எக்ஸ்ரே கவரோடு வருகிறார்கள்! ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அது வளர்ந்து நிற்கிற சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் குறிக்கோள் வாக்கியமே "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற ஆண்டவருடைய வார்த்தையிலிருந்து எடுத்தது. ஆஸ்பத்திரி தன் வேலையைச் செய்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, லாட்ஜ் அறையில் வாரக்கணக்கில் கிடக்கிற குடும்பம் நம் பங்கு.

அந்தக் குடும்பத்தில் மிகவும் களைத்திருப்பது நோயாளி அல்ல, கூட இருக்கிறவர். அவரிடம் போய், "ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்று சொல்வதால் பயனில்லை. கேட்கிற பாரத்தையும் அவர் தலையிலேயே வைக்கிறோம். மொழி தெரியாத ஊரில் அவர் கேட்கவே மாட்டார். மாறாக, நாளும் நேரமும் சொல்லுங்கள். "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வர்றேன் தீதி, நாலு மணிவரைக்கும் நான் இங்க உட்கார்றேன், நீங்க ரூமுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூங்கிட்டு வாங்க." வங்காளத்துக்காரர்களுக்கு அக்கா 'தீதி', அண்ணன் 'தாதா'. அந்த ஒரு வார்த்தை போதும், முகம் மலர்ந்துவிடும். இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான். ரெண்டு மணி என்று சொல்லிவிட்டு நீங்கள் ரெண்டரைக்கு வந்தால், அடுத்த முறை உங்களை நம்பி அவர் தூங்கப் போகமாட்டார். உட்காருவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும்: நோயாளி எழுந்து நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா, அவசரம் என்றால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது. வார்டில் ஒருவருக்குத்தான் பாஸ் என்றால் அதையே வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். காவலரிடம் வாதாடி இருவராக நிற்பது உதவி அல்ல.

சாப்பாடு கொண்டுபோவதில் நாம் அடிக்கடி தவறுவது, நமக்குப் பிடித்ததைக் கொண்டுபோவதில்தான். புளிக்குழம்பும் தேங்காய்ச் சட்னியும் பத்து நாளில் அவர்களுக்குத் திகட்டிவிடும். சோறு, மசித்த பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், மீன் கிடைத்தால் மீன்: இவ்வளவு போதும். இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு 300 கிராம் அரிசி வடித்தால் தாராளம். திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுங்கள். எவர்சில்வர் கேரியரில் கொடுத்தால், அதைக் கழுவி உங்களிடம் சேர்ப்பது அவர்களுக்கு இன்னொரு வேலை. கூட இருப்பவருக்குத்தான் இந்தச் சாப்பாடு. நோயாளிக்கு எதுவும் நர்ஸைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பல லாட்ஜுகளில் சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே தங்கியிருப்பவர்களுக்குச் சமைத்த சோற்றைவிட நல்ல காய்கறி எந்தக் கடையில் மலிவு என்று கூட நடந்துபோய்க் காட்டுவதே பெரிய உதவி.

நோயாளியைப் பார்க்கப் போவதில் சபையார் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. பத்து நிமிடம் போதும். படுக்கையின் மேல் உட்காராதீர்கள். தையல் போட்ட வயிற்றுக்கு அந்த ஒரு அசைவே வலி. சளி, இருமல் இருந்தால் போகவே கூடாது, கீமோ எடுப்பவரிடம் கண்டிப்பாகக் கூடாது. அவர்களுக்குப் பூங்கொத்தும் வேண்டாம். சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி மூன்றும் ஆபத்து. அவற்றில் உள்ள பொட்டாசியத்தை அவர் உடம்பு வெளியேற்றாது, அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். நாமோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வழியில் வாங்குவது சரியாக அந்த மூன்றையும்தான். சர்க்கரை நோயாளிக்கு மால்ட் பாட்டிலும் அப்படித்தான். என்ன வாங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு பாக்கெட் டிஷ்யூ, ஒரு போன் சார்ஜர் வயர், ஒரு கொசுவத்திச் சுருளுக்குப் பதில் தடவுகிற கொசு மருந்து என்று வாங்கலாம்.

பேச்சு அதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். "மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன்" குளிர்காலத்தில் ஆடையைக் களைகிறவனைப் போலிருப்பான் என்று நீதிமொழிகள் 25:20 சொல்கிறது. யோபுவின் சிநேகிதர் செய்ததில் மிகவும் நல்லது, முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று ஒருவர் சொல்லிப்போய், நோயாளி மருந்தை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருடையது? வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினவர் பவுல்தான். யார் செய்த பாவத்தால் இந்தக் குருடு என்று சீஷர் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். அதைப் படுக்கையருகில் நாம் மறுபடி கிளப்பக் கூடாது.

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். அவர் வேறு மதத்தவராக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் முகம் கோணாமல் அதே டப்பாவை மறுநாளும் கொண்டுபோக வேண்டும். தூண்டிலில் மாட்டின புழுவாக உணவைக் கொடுப்பது அன்பல்ல. பிதா நல்லவர்மேலும் தீயவர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறவர். ஜெபம் இரண்டு நிமிடம், மெல்லிய குரலில். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இரவெல்லாம் தூங்காதவராக இருக்கலாம். எண்ணெய் பூசுகிற வழக்கமுள்ள சபையானால் நெற்றியில் மட்டும், கட்டுப் போட்ட இடத்தின் அருகே எங்கும் வேண்டாம்.

இரத்ததானம் பற்றி ஒரு வார்த்தை. அறுவை சிகிச்சைக்கு வந்த வெளியூர்க் குடும்பத்துக்கு இங்கே இரத்தம் கொடுக்க மாமன் மச்சான் கிடையாது. சபையில் ஒரு பட்டியல் வைத்திருப்பது நல்லது, ஆனால் பட்டியலில் உள்ளவர் தகுதியானவரா என்று பார்க்காமல் அனுப்பினால், போய்த் திரும்பி வருவார். அந்தக் குடும்பத்துக்கு அரை நாள் வீண். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தால் ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஆகவே பெயருக்குப் பக்கத்தில் இரத்த வகையோடு கடைசியாகக் கொடுத்த தேதியையும் எழுதுங்கள். வெறும் வயிற்றோடு கொடுக்கக் கூடாது. உபவாச ஜெபம் நடக்கிற வெள்ளிக்கிழமையில் வாலிபர்களைக் கூட்டிப்போய் நிறுத்துவது இதனால்தான் தோற்கிறது. அன்று போக வேண்டிவந்தால் உபவாசத்தை முடித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஏசாயா 58 சொல்கிற உபவாசம், பசித்தவனுக்கு நம் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது என்று நமக்குத் தெரியும்.

பணத்தில் உதவுவதற்கு நல்ல சமாரியனைவிடத் தெளிவான பாடம் இல்லை. அவன் சத்திரக்காரனிடம் கொடுத்தது இரண்டு பணம். நாளொன்றுக்கு ஒரு பணம் என்பது மத்தேயு 20-ல் திராட்சத்தோட்ட வேலைக்காரருக்குப் பேசிய கூலி. ஆக இரண்டு நாள் கூலி. தன் சொத்தை எழுதிக்கொடுக்கவில்லை, தன் பயணத்தையும் நிறுத்தவில்லை. முதலில் காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், ஓர் இரவு கூட இருந்தான், பிறகு ஒரு தொகை, பொறுப்பான ஓர் ஆள், திரும்பி வருவேன் என்ற வாக்கு. கடைசியில் உள்ள அதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். முதல் நாள் இருபது பேர் போகிறோம், மூன்றாவது வாரத்தில் ஒருவரும் இல்லை.

சபையில் உதவி நிதி வைப்பதானால் மூன்று பேர் போதும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்; விதவையான ஒரு அத்தை போதகர் ஐயரிடமோ செயலரிடமோ சொல்லத் தயங்குவதை அவரிடம் சொல்வார். இவ்வளவு வரை இந்த மூவரே முடிவு செய்யலாம் என்று ஒரு வரம்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கமிட்டி கூடும்வரை ஆஸ்பத்திரி பில் காத்திருக்காது. ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டும், 'இல்லை' என்பதையும் சேர்த்து. தொகையும் தேதியும் நோட்டில் ஏறட்டும், இருவர் கையெழுத்துப் போடட்டும். பெயர் அந்த நோட்டைத் தாண்டக் கூடாது. உதவி பெற்றவர் பெயரை ஆராதனையில் வாசிப்பதும், கவரை நீட்டிப் போட்டோ எடுப்பதும் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவதற்குச் சமம். ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துத்தான் சபைகளில் அதிகம் முகம் முறிகிறது. திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் கொடுங்கள், கொடுத்த கையோடு மனதில் அதை எழுதித் தள்ளிவிடுங்கள். குழுக்கடன், வாரக்கடன் என்று நாலைந்தில் மாட்டிக்கொண்ட சகோதரிக்குப் பணத்தைவிட முதலில் வேண்டியது ஒரு காகிதமும் பேனாவும். எந்தக் கிழமை யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கூட்டினால், பழைய தவணையைக் கட்டப் புதிய கடன் வாங்குவதுதான் ஓட்டை என்று அவருக்கே தெரியும். முதலில் அதை அடைத்தாக வேண்டும்.

இதே இடத்தில் 16-ஆம் வசனமும் வந்துவிடுகிறது. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் கோள் நுழைகிறது. "அந்த அண்ணன் வீட்ல பிரச்சினையாம், ஜெபிச்சுக்கங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், ஜெபிக்கிறவர்களைவிட விசாரிக்கிறவர்கள்தான் அதிகம். சம்பந்தப்பட்டவரிடம் "இதை எத்தனை பேருக்குச் சொல்லலாம், எந்த வார்த்தையில் சொல்லலாம்" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன வார்த்தையை மட்டும் போடுங்கள்.

கூலியைப் பற்றிய 13-ஆம் வசனம் நம் வீட்டுச் சமையலறைக்குள் இருக்கிறது. பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்குச் சம்பளத் தேதி எது? ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி காலை, அவர் கேட்பதற்கு முன். ஞாயிறு வருகிறது, ஏடிஎம் போகவில்லை, சில்லறை இல்லை என்பதெல்லாம் அவருடைய வாடகைக்காரர் ஏற்றுக்கொள்கிற காரணங்கள் அல்ல. வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. நாம் ஊருக்குப் போகிற நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, வராதது அவர் அல்ல. முன்பணம் கொடுத்தால் இருவருக்கும் தெரிகிற இடத்தில் எழுதி, மாதம் எவ்வளவு பிடிப்பது என்று அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் தையல்கடைக்காரரும் கூலிக்காரர்தான். 20-ஆம் தேதி துணியைக் கொடுத்து 24-க்குக் கேட்டால் அவரும் அவரிடம் வேலை செய்யும் பிள்ளைகளும் நாலு ராத்திரி கண் விழிக்க வேண்டும். நவம்பரிலேயே கொடுங்கள், வாங்கும்போதே முழுக் கூலியையும் கொடுங்கள்.

அந்த அக்காவுக்கு டீ எந்த டம்ளரில் கொடுக்கிறீர்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். ஜன்னல் மேல் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர் ஒன்று இருந்தால், சுவரில் தொங்குகிற வசனத்தைக் கழற்றி வைத்துவிடலாம். சாதியை இந்துக்களின் பிரச்சினை என்று சொல்லி நாம் தப்ப முடியாது. 1833-லேயே பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி முற்றிலும் ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிறது. இன்றும் கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயர் அச்சாகிறது. அந்தியோகியாவில் பேதுரு செய்ததும் பெரிய குற்றமாகத் தெரியவில்லைதான், யூதரல்லாத விசுவாசிகளோடு உண்ட சாப்பாட்டுப் பந்தியிலிருந்து விலகி உட்கார்ந்தார், அவ்வளவே. அதற்குப் பவுல் எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்து நின்றார். பெண் பார்க்கத் தொடங்கும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் "சாதி கேட்கப் போவதில்லை" என்று சொல்லிவிட வேண்டும். வரன் வந்த பிறகு சொன்னால், அந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்ற பேச்சாக மாறி இரண்டு குடும்பமும் புண்படும்.

அறுப்பின் பண்டிகைப் பந்தியிலும் இது நடக்கும். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று பிரியாணி போடுகிறார்கள், இரண்டு பேர் பங்கை ஒருவருக்கே அள்ளிப் போட்டால் கடைசிப் பந்தியில் சோறு மட்டும் மிஞ்சும், கறி இருக்காது. கடைசிப் பந்தியில் உட்காருவது யார்? கோயிலைப் பெருக்குகிறவர், மைக் செட் பையன், பரிமாறின வாலிபர்கள். தம் பிரிக்கிறபோதே அவர்கள் பங்கை எண்ணித் தனி அண்டாவில் எடுத்து மூடி வையுங்கள். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று 1 கொரிந்தியர் 11:33-ல் இருப்பது சாப்பாட்டைப் பற்றித்தான்.

இப்போது மிகவும் தவறாகப் பயன்படுகிற வசனத்துக்கு வருகிறேன். 1 கொரிந்தியர் 13-ல் அன்பைப் பற்றிச் சொன்ன "சகலத்தையும் தாங்கும்." அடி வாங்குகிற மனைவியிடம் இதை எடுத்துச் சொல்லி, புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். மூலமொழியில் அந்தச் சொல் கூரை என்ற சொல்லோடு உறவுள்ளது. மழையிலிருந்து காக்கிற கூரை. அதற்கு முந்தின வரியே "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்." அடிப்பது அநியாயம். அதை மூடிவைத்துக் குடும்ப மானம் காப்பது அந்த வரிக்கு விரோதம். ஒரு சகோதரி வந்து சொன்னால், முதலில் நம்புங்கள். கணவரைக் கூப்பிட்டு இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள், அன்று இரவு வீட்டில் அதற்கும் சேர்த்து அடி விழும். அன்றிரவு தங்க ஓர் இடம், காயத்துக்கு வைத்தியம், 181 என்ற பெண்கள் உதவி எண் — இவைதான் முதல் படிகள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அவள் தன் வீட்டிலேயே பாதுகாப்போடு வசிக்கும் உரிமையும் உண்டு. மன்னிப்பு அவளுக்கும் தேவனுக்கும் இடையே நடக்கட்டும், அதற்குக் கெடு வைக்க நமக்கு உரிமையில்லை.

சாதாரண மனத்தாங்கல்கள் வேறு. அவற்றுக்கு அதே அதிகாரத்தின் "தீங்கு நினையாது" பொருந்தும். அங்கே உள்ள மூலச் சொல் கணக்குப் பிள்ளையின் சொல், பேரேட்டில் ஏற்றுவது. மாமியார் 2009-ல் சொன்னதைப் பக்க எண்ணோடு சொல்ல முடிகிறது என்றால் பேரேடு நடக்கிறது என்று அர்த்தம். தவறு நம்முடையது என்றால் மத்தேயு 5:24 சொல்கிறபடி காணிக்கையை வைத்துவிட்டு நாமே போக வேண்டும். தனியாகப் போங்கள். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "உங்களைப் பத்தி அத்தைகிட்ட இப்படிச் சொன்னேன், அது பொய்." "மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்கங்க" என்பதில் குற்றம் கேட்பவர் மனதின் மேல் ஏறிவிடுகிறது. 'ஆனா' என்ற சொல் வாயில் வந்தால் நிறுத்துங்கள். பணமோ பொருளோ சம்பந்தப்பட்டிருந்தால் லேவியராகமம் 6:5 கணக்கே சொல்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி. ஐயாயிரம் என்றால் ஆறாயிரம். அவர் உடனே சிரித்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்காமல், சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

டிசம்பர் வருகிறது, கேரல் ரவுண்ட்ஸ் பற்றியும் சொல்லிவிடலாம். அதிகாலையில் உரத்த சத்தத்தோடு சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகள் 27:14 எச்சரிக்கிறது. நம் தெருக்களில் இரவுப் பணி முடித்துத் தூங்குகிற நர்ஸ்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தைகள் இருக்கின்றன, நம் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை, ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் எந்நேரமும் அமைதிப் பகுதி. புறப்படும் முன் வீடுகளை எண்ணுங்கள். வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் ஆறரைக்குத் தொடங்கி பத்துக்குள் பதினேழு வீடுதான் முடியும், முப்பது அல்ல. நோயாளி இருக்கிற வீட்டில் டிரம் இல்லாமல், வாசலில் நின்று ஒரே பாட்டு. பத்து மணி ஆனதும் டிரம்மை வண்டியில் ஏற்றிவிடுங்கள். மீதி வீடுகளுக்கு அப்போதே போன் செய்து, நாளை ஆறரைக்கு முதலில் உங்கள் வீடுதான் ஆயா என்று சொல்லிவிடுங்கள். முறுக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.